ஆங்கிலக் காலங்கள்: சுவரில் ஒட்டிய பன்னிரண்டு கட்டங்களும் வாயில் இருக்கும் ‘போனனான்’ உம்

2025 பெப்ரவரி 2, மாலை 6.50 — கேள்வி

நான் கோண்டாவிலைச் சேர்ந்தவன். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ‘சி’ எடுத்தேன். இப்போது ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தகுதிப் பரீட்சைக்காக ஆறு மாதமாகப் படிக்கிறேன். பன்னிரண்டு காலங்களையும் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்துவிட்டேன். கேட்டால் ஒப்புவிப்பேன். ஆனால் ஒருவர் முன்னால் இருந்து பேசத் தொடங்கியதும் எல்லாம் நிகழ்காலமாகவே வாயில் வருகிறது, அல்லது தேவையில்லாத இடத்தில் ‘ஹாட்’ என்ற துணைவினை வந்து நிற்கிறது. தமிழில் மூன்று காலந்தான், அவர்களுக்குப் பன்னிரண்டு, ஆகவே எங்களுக்கு இது இலேசில் பிடிபடாது என்று ரியூசன் ஆசிரியர் சொல்கிறார். அது உண்மையா, அக்கா?

2025 பெப்ரவரி 2, இரவு 9.15

உண்மை இல்லை, தம்பி. உங்கள் கேள்வியையே எடுத்துப் பாருங்கள். ‘ஆறு மாதமாகப் படிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆறு மாதத்துக்கு முன் தொடங்கி இன்றும் தொடர்வது. ‘மனப்பாடம் செய்துவிட்டேன்’ என்கிறீர்கள். வேலை முடிந்துவிட்டது, ஆனால் அதன் பயன் இப்போதும் உங்கள் தலைக்குள் இருக்கிறது. ‘கேட்டால் ஒப்புவிப்பேன்’ என்பது வடிவத்தில் எதிர்காலம், பொருளில் உங்களுடைய இயலுமை. ‘ஆசிரியர் சொல்கிறார்’ என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. இந்த நிமிடத்தில் அவர் உங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ‘சி எடுத்தேன்’ என்பது அன்றோடு முடிந்த செய்தி. நாலைந்து வரிக்குள் இத்தனை விதமான காலத்தையும் பிழையில்லாமல் ஆண்ட ஒருவருக்குக் காலம் பிடிபடாது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பன்னிரண்டு என்ற கணக்கையும் சற்றுப் பிரித்துப் பாருங்கள். இறந்தது, நிகழ்வது, வருவது என்ற மூன்றையும், சாதாரணமாகச் சொல்வது, நடந்துகொண்டிருப்பதாகச் சொல்வது, முடிந்ததாகச் சொல்வது, ஒரு புள்ளி வரைக்கும் நீண்டு வந்ததாகச் சொல்வது என்ற நான்கால் பெருக்கினால் அவர்களுடைய பன்னிரண்டு வரும். எங்களிடமும் ‘விடு’, ‘இரு’, ‘கொண்டிரு’ என்ற துணைவினைகள் இருக்கின்றன. படித்தேன், படித்துவிட்டேன், படித்திருக்கிறேன், படித்துக்கொண்டிருந்தேன் என்று பெருக்கத் தொடங்கினால் நாங்களும் குறைந்தவர்கள் அல்லர். எல்லைக் கற்கள் வேறு வேறு இடத்தில் நாட்டப்பட்டிருப்பதுதான் சிக்கல். அவர்கள் வேலி போட்ட இடத்தில் எங்களுக்கு வெளி. நாங்கள் வேலி போட்ட இடத்தில் அவர்களுக்கு வெளி.

இருபத்திரண்டு வருடமாகக் கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்த எல்லைக் கற்கள் எங்கே நிற்கின்றன என்று தெரிந்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன். ஒரே நாளில் எழுதி முடிக்க முடியாது.

2025 பெப்ரவரி 3, காலை 5.40

‘செய்துவிட்டேன்’ என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது அதில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை வகுப்பில், தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையின் கை தவறி ஒரு கோப்பை சீமெந்து நிலத்தில் விழுந்தது. எல்லாரும் ஒரே குரலில் ‘ஐயோ, உடைஞ்சு போச்சு’ என்றார்கள். துடைப்பத்தை எடுக்கப் போன பிள்ளையை மறித்து, துண்டுகள் அப்படியே கிடக்கட்டும், நீங்கள் இப்போது சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். ஒருவர் ‘த கப் புரோக்’ என்றார். இன்னொருவர் ‘த கப் இஸ் புரோக்’ என்றார். ‘த கப் ஹாஸ் புரோக்கன்’ என்று எவருக்கும் வரவில்லை. ஆனால் தமிழில் அதைத்தான் அவர்கள் சொல்லியிருந்தார்கள். வெறுமனே ‘உடைஞ்சது’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கைப்பிடி ஒரு பக்கமும் அடிப்பாகம் ஒரு பக்கமுமாகக் கண் முன்னே கிடந்தபோது, நடந்து முடிந்த ஒன்றின் விளைவு இப்போது இருக்கிறது என்பதை அவர்களுடைய நாக்குத் தானாகவே குறித்துவிட்டது. பிரசன்ட் பெர்பெக்ட் என்று கட்டம் போட்டுக் காட்டுவது அந்தத் துண்டுகளைத்தான்.

அடுத்த சனி துண்டுகளும் இல்லை, புதுக் கோப்பையும் வந்துவிட்டது. போன கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். தமிழில் ‘போன சனி கோப்பை உடைஞ்சு போச்சு’ என்றார்கள். எங்கள் வேலி இல்லாத இடம் இதுதான்: தமிழில் ‘போச்சு’ உம் ‘விட்டது’ உம் ‘போன சனி’, ‘நேற்று’, ‘2019 இல்’ என்ற சொற்களோடு சண்டை பிடிக்கமாட்டா. ஆங்கிலத்தில் ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ இரண்டும் முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொல்லோடு ஒரே வசனத்தில் இருக்கமாட்டா. ‘ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்ற பிழை ‘நேற்று அவரைப் பார்த்துவிட்டேன்’ என்ற சரியான தமிழின் வயிற்றில் பிறந்தது. நேரம் முடிந்துவிட்டதென்று சொல்லால் காட்டிவிட்டீர்களானால் ‘ஐ சோ ஹிம் யெஸ்டர்டே’ மட்டுந்தான்.

2025 பெப்ரவரி 5, இரவு 8.30

இன்று எழுதப்போவது புத்தகத் தமிழைப் பற்றியதல்ல, யாழ்ப்பாணத்து வாய்த்தமிழைப் பற்றியது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் காலம் படிப்பிக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. இந்தக் கருவியை நாங்கள் வகுப்புக்குள் எடுத்து வராமல் படலைக்கு வெளியிலேயே விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

‘நான் நேற்றுக் கோயிலுக்குப் போனனான்.’ இந்தப் ‘போனனான்’ ‘போனவன்’, ‘போனவள்’ என்பவற்றோடு ஒட்டிப் பிறந்த வடிவம்: போனவன் நான் என்ற பொருள். நீர் போனனீர், அவர் போனவர், நாங்கள் போனனாங்கள். யாழ்ப்பாணத்தில் இறந்ததை எடுத்துரைக்கும்போது, அது நடந்ததுதான் என்று அழுத்திச் சொல்லும்போது, இது வருகிறது. இதைக் கேட்டவுடன் ‘ஐ வென்ட்’ என்று கை தூக்கப் பழக்குகிறேன்.

‘நான் கண்டிக்குப் போயிருக்கிறன்.’ எப்போது என்ற கேள்வி இங்கே இல்லை. என் வாழ்நாளில் அந்த அனுபவம் உண்டு. ‘ஐ ஹாவ் பீன் டு கண்டி.’

‘அவர் கண்டிக்குப் போயிட்டார்.’ இப்போது அவர் இங்கே இல்லை. ‘ஹி ஹாஸ் கோன் டு கண்டி.’ போய்வந்த அனுபவத்துக்குப் ‘பீன்’, போய் அங்கே இருப்பதற்குக் ‘கோன்’ என்று ஆங்கிலம் பிரிப்பதை அட்டவணையை வைத்து விளக்குவதற்கு அரை மணித்தியாலம் வேண்டும். ‘போயிருக்கிறார்’, ‘போயிட்டார்’ என்று இரண்டு சொல்லைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

‘நான் முந்தி ஒவ்வொரு வெள்ளியும் நல்லூருக்குப் போறனான்.’ வழக்கமாக இருந்தது. ‘ஐ யூஸ்ட் டு கோ.’ இங்கே ஓர் எச்சரிக்கை: நாங்கள் இப்போதுள்ள வழக்கத்துக்கும் ‘போறனான்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘யூஸ்ட் டு’ விட்டுப்போன வழக்கத்துக்கு மட்டுந்தான். இன்றும் வெள்ளி தவறாமல் போகிறவர் ‘ஐ யூஸ்ட் டு கோ’ என்றால் கேட்பவர் அவர் போவதை நிறுத்திவிட்டார் என்று நினைப்பார். இன்றைய வழக்கத்துக்கு ‘ஐ கோ’ என்ற சின்ன வினையே போதும்.

2025 பெப்ரவரி 6, பகல் 1.10

ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர், தன் பிள்ளைகள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்கிறார்கள், அது பிழையா என்று கேட்டிருக்கிறார். பிழையன்று. வட அமெரிக்கப் பேச்சில் அது இயல்பு. பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘ஐ ஹாவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்பதே வழமை, எங்கள் பாடப்புத்தகங்களும் அதைத்தான் பின்பற்றுகின்றன.

2025 பெப்ரவரி 9, மாலை 4.00

தம்பி, ‘தேவையில்லாத இடத்தில் ஹாட் வருகிறது’ என்றீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். ‘போன மாதம் கொழும்புக்குப் போயிருந்தேன், அங்கே மாமாவைச் சந்தித்தேன்’ என்று நாங்கள் கதையைத் தொடங்குகிறோம். எங்களுக்குப் ‘போயிருந்தேன்’ கதைக்கு ஒரு பாய் விரிப்பதுபோல. அதன்மேல் மற்றச் செய்திகளை இருத்துவோம். அதை அப்படியே ‘லாஸ்ட் மந்த் ஐ ஹாட் கோன் டு கொழும்பு’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலக் காது உடனே, எதற்கு முன்னால், என்று கேட்கும். ஏனென்றால் அங்கே ‘ஹாட்’ என்பது இரண்டு இறந்தகால நிகழ்ச்சிகளுள் முந்தியதைக் காட்டும் அடையாளம். ‘நான் நிலையத்துக்குப் போனபோது பஸ் வெளிக்கிட்டுவிட்டது’ என்பதில் பஸ் வெளிக்கிட்டது முந்தி, நான் போய்ச் சேர்ந்தது பிந்தி. ‘வென் ஐ காட் தெயர், த பஸ் ஹாட் லெஃப்ட்.’ இரண்டாவது நிகழ்ச்சி ஒன்று மனதில் இல்லையென்றால் ‘ஹாட்’ வேண்டாம்.

என் மாணவர்களிடம் ஒரு மாதத்துக்கு ‘ஹாட்’ என்ற சொல்லையே தொடாமல் எழுதச் சொல்கிறேன். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற சொற்கள் இருந்தால் பெரும்பாலும் அது இல்லாமலே வேலை நடந்துவிடும். ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுக்கும்போது அது தன்னுடைய இடத்தில் வந்து உட்காரும்.

2025 பெப்ரவரி 10, காலை 6.05

திருத்தம் ஒன்று. 5ஆம் திகதி எழுதியதைப் படித்த பருத்தித்துறை வாசகி ஒருவர், ‘நான் ஒருக்காக் கண்டிக்குப் போனனான்’ என்றும் நாங்கள் சொல்வோமே, அங்கே ‘ஐ ஹாவ் பீன்’ அல்லவா பொருந்தும் என்று கேட்கிறார். அவர் சொல்வது சரி. ‘போனனான்’ கேட்டவுடன் கை தூக்கலாம் என்று நான் எழுதியது அளவுக்கு மீறிய எளிமை. இரவு முழுக்க இதையே யோசித்தேன். சொல்லின் வடிவத்தை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. ‘நேற்று’, ‘போன வருடம்’, ‘அண்டைக்கு’ என்று இருந்தால் ‘வென்ட்’. ‘ஒருக்கா’, ‘எப்பவோ’, ‘எத்தினையோ தரம்’ என்று இருந்தால் ‘ஹாவ் பீன்’. வாய்த்தமிழ் வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடும். திறப்பு நேரச்சொல்லிடம் இருக்கிறது. வாசகிக்கு நன்றி.

2025 பெப்ரவரி 14, இரவு 9.45

‘ஐ டிட் நொட் வென்ட்.’ இந்த வசனத்தைத் திருத்தித் திருத்தி எத்தனை சிவப்புப் பேனை தீர்ந்திருக்கும் என்று கணக்கில்லை. முன்பெல்லாம், ‘டிட்’ வந்தால் முதல் வடிவம் வரவேண்டும் என்று விதியாகச் சொல்லிவிட்டுப் போவேன், பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மறுநாளும் ‘டிட் நொட் வென்ட்’ வரும்.

ஒரு நாள் ‘போகவில்லை’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி அதைப் பிரிக்கச் சொன்னேன். போக, இல்லை. ‘போக’ என்பதில் காலம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. ‘போனேனில்லை’ என்று இன்றைய பேச்சில் எவரும் சொல்வதில்லை. ‘இல்லை’ வந்தவுடன் வினை தன்னுடைய காலத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் ‘போக’ என்று வெறுமையாக நிற்கிறது. ஆங்கிலத்திலும் ‘நொட்’ வந்தவுடன் ‘வென்ட்’ தன் காலத்தைக் கழற்றிக் ‘கோ’ ஆகிவிடுகிறது. கழற்றிய காலத்தை ‘டிட்’ தூக்கி வைத்துக்கொள்கிறது. ‘டிட் நொட் வென்ட்’ என்பது ஒரே சுமையை இரண்டு பேர் தூக்குவது. அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் இந்தப் பிழை வெகுவாகக் குறைந்தது. கேள்வியிலும் இதே கதைதான்: ‘டிட் யூ கோ?’

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. எங்கள் ‘போகவில்லை’யில் யாரும் காலத்தைத் தூக்கவில்லை. நேற்றுப் போகவில்லை, இன்னும் போகவில்லை, இன்றைக்கு நான் போகவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் இவை முறையே ‘டிட் நொட் கோ’, ‘ஹாவ் நொட் கோன்’, ‘ஆம் நொட் கோயிங்’ என்று மூன்றாகப் பிரியும். எங்கள் பிள்ளைகள் எதிர்மறையில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். அவர்கள் மனதில் அந்த இடத்தில் காலமே இல்லை, அதனால் எதை எடுப்பதென்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுக்கிறார்கள்.

2025 பெப்ரவரி 15, காலை 7.20

நேற்று இரவு எழுதியதில் ஒரு குறை. தமிழ் எதிர்மறையில் காலமே இல்லை என்று எவரும் விளங்கிக்கொண்டுவிடக் கூடாது. ‘போகவில்லை’யைப் பற்றி மட்டுமே அப்படிச் சொல்லலாம். ‘போவதில்லை’ என்றால் அது வழக்கம்: ‘ஐ டோன்ட் கோ.’ ‘போனதில்லை’ என்றால் அது வாழ்நாள் அனுபவம்: ‘ஐ ஹாவ் நெவர் பீன்.’ ‘போகமாட்டேன்’ என்றால் மறுப்பு: ‘ஐ வோன்ட் கோ.’ குறிப்பாகப் ‘போனதில்லை’ என்ற வடிவம் பிரசன்ட் பெர்பெக்டோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ‘நேற்றுப் போனதில்லை’ என்று தமிழிலும் சொல்லமுடியாது, கவனித்தீர்களா? எங்கள் மொழியும் ஓரிடத்தில் அதே வேலியைப் போட்டிருக்கிறது.

2025 பெப்ரவரி 20, இரவு 10.10

காலம் பிழைத்தால் என்ன, விளங்கினால் போதாதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பேச்சில் பல தருணங்களில் போதும். எல்லாத் தருணங்களிலும் போதாது என்பதற்கு என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இளவயதில் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அப்போது நான் இங்கே ஒரு தனியார் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு காலமாகப் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ‘ஐ டோட் ஃபோர் ஃபோர் இயர்ஸ்’ என்றேன். என் மனதில் இருந்தது ‘நான்கு வருடமாகப் படிப்பிக்கிறேன்’ என்பது. அவர்கள் காதில் விழுந்தது ‘நான்கு வருடம் படிப்பித்தேன், பிறகு விட்டுவிட்டேன்’ என்பது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். நான் விடவில்லையே என்றேன். முன்னுக்குப்பின் முரணாகச் சொல்கிறேன் என்று அவர்கள் எண்ணியது முகத்தில் தெரிந்தது, கோப்பில் ஏதோ குறித்தார்கள், வேலை கிடைக்கவில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் திரும்பி வந்த அந்த இரவுப் பஸ்ஸில் வவுனியா வரைக்கும் ‘ஐ ஹாவ் பீன் டீச்சிங்’ என்ற நான்கு சொல்லைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்று தொடக்கம் எந்தப் பிள்ளையும் என் வகுப்பை விட்டுப் போகும்போது இந்த ஒரு வடிவமாவது வாயில் இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

‘ஃபோர்’ வந்தால் பிரசன்ட் பெர்பெக்ட் என்று சில குறிப்புப் புத்தகங்கள் விதிபோல எழுதுகின்றன. அது தவறான வழிகாட்டல். ‘ஃபோர்’ முடிந்த காலத்துக்கும் வரும், முடியாத காலத்துக்கும் வரும். வினைதான் அதைத் தீர்மானிக்கிறது. ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளியைக் காட்டுவது. ‘2010 தொடக்கம் இங்கே இருக்கிறேன்’ என்பது ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் 2010’ அன்று, ‘ஐ ஹாவ் பீன் ஹியர் சின்ஸ் 2010.’ இந்த இடத்தில் நிகழ்காலத்தை வைப்பது எங்களுக்கு மட்டுமுள்ள பழக்கம் அன்று. பிரெஞ்சும் ஜேர்மனும் நிகழ்காலத்தைத்தான் வைக்கின்றன. அந்த மொழிக்காரரும் ஆங்கிலம் படிக்கும்போது இதே இடத்தில் தடுக்குகிறார்கள்.

2025 பெப்ரவரி 23, மாலை 5.30

பயிற்சி கேட்டவர்களுக்கு. எல்லாருக்கும் தெரிந்த எங்கள் ஊர்ச் செய்திகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோனும் மேரியும் லண்டனில் தேநீர் குடிக்கும் வசனங்களில் நேரம் மனதில் ஒட்டாது.

யாழ்தேவி ரயில் 1956 இல் ஓடத் தொடங்கியது. போரினால் 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. 2014 ஒக்டோபரில் திரும்ப வந்தது. மூன்றிலும் வருடம் குறிக்கப்பட்டிருக்கிறது: ‘ஸ்டார்டட்’, ‘ஸ்டொப்ட்’, ‘கேம் பாக்.’ 1990 இலிருந்து 2014 வரை ரயில் வரவில்லை: ‘டிட் நொட் கம்.’ இதையே 2005 ஆம் ஆண்டில் நின்று ஒருவர் சொல்லியிருந்தால் ‘இட் ஹாஸ் நொட் கம் சின்ஸ் 1990’ என்று சொல்லியிருப்பார், ஏனென்றால் அன்று அந்தக் காத்திருப்பு முடிந்திருக்கவில்லை. வினையின் வடிவம், சொல்பவர் எந்த நாளில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. என் மாணவி ஒருவருக்கு, பன்னிரண்டு கட்டத்தில் விளங்காத பிரசன்ட் பெர்பெக்ட் இந்த ரயிலில்தான் விளங்கியது. அவருடைய அம்மா கொடிகாமத்தில் தண்டவாளம் கழற்றப்பட்டுக் கிடந்த நிலத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவர்.

யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது: ‘வாஸ் பேர்ன்ட்.’ அது மீளக் கட்டப்பட்டுவிட்டது, இப்போது நிற்கிறது: ‘ஹாஸ் பீன் ரீபில்ட்.’ எரிந்துபோன ஏடுகள் திரும்பி வரவில்லை: ‘ஹாவ் நொட் கம் பாக்.’ இந்த மூன்றாவது வசனத்தில் ‘டிட் நொட்’ போட்ட பிள்ளைகளைவிட ‘ஹாவ் நொட்’ போட்ட பிள்ளைகளே அதிகம். அந்த இழப்பு முடிந்துபோன செய்தியாக அவர்கள் மனதில் இல்லை.

2025 பெப்ரவரி 24, காலை 5.50

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஈடி’யில் முடியும் இறந்தகாலத்தை ‘ஸ்டொப்பெட்’, ‘வோக்கெட்’ என்று இழுக்கவேண்டாம். ‘ஸ்டொப்ட்’, ‘வோக்ட்’ என்று ஒரே அசைதான். ‘ட்’ ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும் ஓர் அசை கூடும்: ‘வான்டட்’, ‘ஸ்டார்டட்’.

ஒழுங்கில்லாத வினைகளைக் கண்டு அஞ்சுபவர்களுக்கும் ஒரு சொல். கேள், கேட்டேன், நில், நின்றேன், வா, வந்தேன், சா, செத்தான். இவற்றை நாங்கள் எந்தப் பட்டியலிலும் படிக்கவில்லை. ‘கோ’வுக்கும் ‘வென்ட்’டுக்கும் ஒற்றுமை இல்லையே என்று வியப்பவர்கள், ‘வென்ட்’ உண்மையில் ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் என்பதையும், ‘கோ’ அதை இரவல் வாங்கி வைத்துக்கொண்டது என்பதையும் அறிந்தால் மறக்கமாட்டார்கள்.

2025 மார்ச் 1, இரவு 8.00

நன்னூலைக் கொண்டுவந்து ஆங்கிலத்துக்குள் நுழைக்கிறேன் என்று ஒருவர் குறைப்படலாம். ஆனால் எங்கள் இலக்கணக்காரர்கள் காலத்தைப் பற்றி எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம் அந்நியமாக இருக்காது என்பது என் நம்பிக்கை.

மூன்று காலத்துக்கும் பொதுவான பொருளை நிகழ்காலத்தால் சொல்வார்கள் என்று நன்னூலை எழுதிய பவணந்தியார் ஒரு விதி செய்திருக்கிறார். ‘மலை நிற்கிறது’ என்பது அதற்கு வழங்கும் உதாரணம். மலை நேற்றும் நின்றது, நாளையும் நிற்கும். ‘த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்’ என்று ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது இதே விதிதான்.

அடுத்த விதி இன்னும் அழகானது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாக மயங்கி வரலாம் என்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடும்போது, புத்தகத்தை மூடாமலே ‘இந்தா வந்திட்டன்’ என்கிறோமே, அது விரைவினால் எதிர்காலம் இறந்தகாலமானது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ஐ ஆம் கமிங்’ என்பார்கள். ‘ஐ ஹாவ் கம்’ என்று சொன்னால் நீங்கள் ஏற்கெனவே அடுப்படியில் நிற்கவேண்டும். மறுபுறம் ‘நாளைக்கு வாறன்’ என்று நாங்கள் நிகழ்காலத்தால் நாளையைச் சொல்வது அவர்களுக்கும் உடன்பாடு: ‘ஐ ஆம் கமிங் டுமொரோ.’

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் செமினறி என்ற கல்விக்கூடத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரில் இரண்டு இலக்கணமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்திருக்கின்றன. அங்கே படித்த சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளைதான் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார்; அவரேதான் ஏட்டில் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தார். ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஊர் மரபு அன்று.

2025 மார்ச் 4, பகல் 12.30

‘வென்’, ‘இஃப்’ இரண்டுக்கும் பிறகு ‘வில்’ போடவேண்டாம். ‘நான் வரும்போது கொண்டுவருவேன்’ என்பதில் ‘வரும்’ எதிர்காலமாக எங்களுக்குக் கேட்கிறது, அதனால் ‘வென் ஐ வில் கம்’ என்கிறோம். ‘வென் ஐ கம், ஐ வில் பிரிங் இட்’ என்பதே சரி. முதன்மை வினையில் ஒருமுறை எதிர்காலம் சொன்னால் அவர்களுக்குப் போதும். ‘மழை பெய்தால்’ என்பதைப் பாருங்கள்: அதற்குள் இருப்பது ‘பெய்த’ என்ற இறந்தகாலம், ஆனால் மழை இன்னும் பெய்யவில்லை. நிபந்தனை சொல்லும்போது எதிர்காலக் குறியைக் கைவிடுவது எங்களுக்கும் பழக்கமான ஒன்றுதான்.

அடுத்தவர் சொன்னதைச் சொல்லும் இடம் வேறு. ‘வருவேன் என்று சொன்னார்’ என்பதில் ‘என்று’ அவர் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் ‘செட்’ இறந்தகாலமானால் உள்ளே இருப்பதும் ஒரு படி பின்னால் போகும்: ‘ஹி செட் ஹி வுட் கம்.’

2025 மார்ச் 9, மாலை 6.15

‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்’ என்று எழுதி அனுப்பியவர்களுக்கு: தெரிதல், உடைமை, விருப்பம் போன்றவை நிலைகள். தமிழிலும் ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்றோ ‘எனக்கு இரண்டு தம்பிமார் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்றோ நீங்கள் சொல்வதில்லை. சொல்லிப் பாருங்கள், தமிழில் காது கூசினால் ஆங்கிலத்திலும் ‘ஐஎன்ஜி’ வேண்டாம். இந்தச் சோதனை எல்லா வினைக்கும் பொருந்தாவிட்டாலும் முக்கியமான வினைகளுக்குப் பொருந்தும்.

முதல் நாள் நான் எழுதிய ‘மூன்றை நான்கால் பெருக்குவது’ என்ற கணக்கையும் இங்கே திருத்திவிடுகிறேன். பாடசாலைக் கணக்காக அது சரி. ஆனால் ஆங்கில வினை தன் உடம்பில் காட்டுவது இரண்டு காலங்களை மட்டுமே: ‘கோ’, ‘வென்ட்’. எதிர்காலத்துக்கென்று அவர்களுடைய வினையில் ஓர் உருபு கிடையாது. ‘வில்’ என்றும் ‘கோயிங் டு’ என்றும் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எங்கள் வினைக்குள் ‘ப்’ உம் ‘வ்’ உம் எதிர்காலத்துக்கென்றே இருக்கின்றன. உங்கள் ரியூசன் ஆசிரியருக்கு இதையும் மரியாதையோடு சொல்லுங்கள், தம்பி.

2025 மார்ச் 16, இரவு 9.00

தம்பி அனுப்பிய பத்து வசனங்களும் கிடைத்தன. சுவரில் இருந்த அட்டவணையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ‘நேற்று, ஒருக்கா, இன்னும், தொடக்கம்’ என்ற நான்கு சொற்களை எழுதி ஒட்டியிருப்பதாகச் சொல்கிறீர்கள். நல்லது.

எட்டு வசனம் சரி. நான்காவதில் ‘லாஸ்ட் வீக் ஐ ஹாட் மெட் மை ஃபிரெண்ட்’ என்று பழைய பாய் திரும்ப விரிந்திருக்கிறது. ‘ஐ மெட்’ என்று மாற்றுங்கள். ஒன்பதாவதில் லண்டன் மாமாவோடு கதைத்தபோது ‘ஐ ஹாவ் பீன் ஸ்டடியிங் சின்ஸ் செவன் மந்த்ஸ்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வினை முழுவதும் சரியாக வந்துவிட்டது. ஏழு மாதம் என்பது நீளம், தொடக்கப் புள்ளி அன்று. ஆகவே ‘ஃபோர் செவன் மந்த்ஸ்’ அல்லது ‘சின்ஸ் ஓகஸ்ட்’. அடுத்த கிழமை, நல்லூர்த் திருவிழாவில் நீங்கள் கழித்த ஒரு நாளைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். ‘ஹாட்’ ஒன்றும் வேண்டாம்.